நாலாவது குப்பி

முதல் குப்பியிலிருந்து வாசம் வரவில்லை, குளிர்தான் வந்தது. மூக்குக்குள் நுழைந்து புருவங்களுக்கு நடுவில் ஏறி அங்கேயே ஊசி குத்தியது போல நின்றது. சம்பூரணம் குப்பியைச் சற்று விலக்கிப் பிடித்து, மூச்சை விட்டுவிட்டு, மறுபடி இழுத்துப் பார்த்தாள். குளிர் வந்தது. அதன் பின்னால் இன்னும் ஏதோ வரவேண்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. மகள் மைதிலி ஆராய்ச்சி செய்கிற பண்ணையின் பின்கட்டு அறையில் காற்றாடியை நிறுத்திவைத்திருந்தார்கள், ஓடினால் வாசம் கலைந்துவிடுமாம், கழுத்தில் வேர்வை ஒழுகியது. நீள மேசையில் அவளுக்கு இடது பக்கம் பண்ணையில் டிராக்டர் ஓட்டுகிற ஆரோக்கியசாமி, அவருக்கு அந்தப் பக்கம் பாத்தியில் களையெடுக்கிற பழனாத்தாள். மூன்றாவதாக உட்கார வேண்டிய டைப்பிஸ்ட் அம்மாளுக்குச் சளி பிடித்துவிட்டது. அதனால்தான் காலையில் மைதிலி, "அம்மா, புடவையை மாத்திட்டுக் கிளம்பு, உன்ற மூக்கு வீட்லயே இருக்கறப்ப நான் எதுக்கு வெளியில ஆள் தேடறேன்" என்று ஸ்கூட்டரில் ஏற்றி இங்கே கொண்டுவந்து உட்காரவைத்தாள். தையல் மெஷினில் பாதி ரவிக்கை அப்படியே ஊசியில் மாட்டிக்கிடக்கிறது. கேஸ் அடுப்பை அணைத்தேனா? அணைத்தேன். குமிழைத் திருகினது நினைவிருக்கிறது. சிலிண்டர் வாயையும் மூடினேனா? அது நினைவில் வரவில்லை. வந்த இடத்தில் மகள் வேறு எல்லோரிடமும், "எங்கம்மா மூக்கு சாதாரண மூக்கு இல்லீங்க. நாலு வீடு தள்ளிப் பால் அடிப்பிடிச்சாலும் இங்கிருந்தே சொல்லிப்போடும்" என்று சொல்லிவைத்தாள். ஆரோக்கியசாமி, "அப்பொ நாங்க வீட்டுக்குப் போறோம் மேடம், அம்மாவே எல்லாக் குப்பியும் பாத்துக்கட்டும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சம்பூரணமும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்களே.

மைதிலி சொன்ன முறை இதுதான்: ஐந்து குப்பி, ஒவ்வொன்றுக்குள்ளும் எண்ணெய் தொட்ட பஞ்சு, மேலே எண் மட்டும். மோந்து பார்த்துவிட்டு எத்தனை காட்டம் என்று பத்துக்கு ஒரு மார்க்கு, மனசுக்குப் பிடித்ததா இல்லையா என்று ஒரு சொல். பழனாத்தாளுக்கு எழுத வராது என்பதால் யாரும் எழுதவேண்டாம், மைதிலியே ஒவ்வொருவரிடமும் குனிந்து காதோடு கேட்டுக் குறித்துக்கொள்வாள், பக்கத்து ஆளுக்குக் கேட்கக்கூடாது. ஒரு குப்பிக்கும் அடுத்த குப்பிக்கும் நடுவில் அவரவர் முழங்கை மடிப்பை மோந்துகொள்ள வேண்டும். நம் உடம்பு வாசம் மூக்குக்குப் பழகினது, அதில் மூக்கு களைப்பாறும். ஐந்தில் ஒன்றில் வாசமே இல்லாத வெறும் எண்ணெய், அது எதுவென்று அவள் சொல்லமாட்டாள். "முதல் குப்பி?" என்று மைதிலி வந்து குனிந்தாள். "ஒம்பது" என்றாள் சம்பூரணம். பிடிச்சுதா? "ம், காட்டமா இருக்குது, தலைவலிக்குப் போடலாம்." பேனா ஓடியது. சரியாகத்தான் இருக்கும் போலிருக்கிறது. குளிர்ந்தது என்றால் காட்டம் என்றுதானே அர்த்தம். முழங்கையை மடக்கி முகத்துக்குக் கொண்டுபோனாள். தோல் ஈரமாக மூக்கில் பட்டது. வேறொன்றும் இல்லை. தன் உடம்பு என்ன வாசம் அடிக்கிறது என்று தெரியாமல் ஒருத்தி எப்படி நாலு பேர் நடுவில் உட்காருவாள்? இரண்டு மாதமாக இரண்டு வேளை குளிக்கிறாள். பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினால் இவள் எழுந்து நின்றுகொள்கிறாள். ஆடியில் ஒரு காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்து, எழுந்து, வாய்க்கு விளங்கவில்லையே என்று எலுமிச்சை ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்தபோதுதான் முதலில் தெரிந்தது. நாக்கில் உப்பு இருந்தது, புளிப்பு இருந்தது, ஊறுகாய் இல்லை. சரி, சளி என்று நினைத்தாள். சளி போயிற்று. மூக்கு திரும்பவில்லை. கற்பூரம் எரிகிறது, சாமிக்கு முன்னால் வெறும் நெருப்பு. மல்லிகைப் பூவைத் தலையில் வைத்தால் ஈரத் துணியை வைத்த மாதிரி. தாளிக்கிற சத்தத்தைக் காதால் கேட்டுக் கேட்டுச் சமைக்கிறாள். பால் கெட்டதா என்று பார்க்க ஒரு வாய் குடித்துப் பார்க்கிறாள், அதுவும் சில நாள் தெரிவதில்லை. கேஸ்தான் பயம். ராத்திரி படுத்தபின் எழுந்துபோய் சிலிண்டர் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு வருகிறாள், படுத்ததும் தடவினது நிஜமா நினைப்பா என்று மறுபடி எழுந்து போகிறாள். இன்றைக்குக் காலையில் தடவவில்லை. ஸ்கூட்டர் ஹாரன் அடித்ததும் ஓடிவந்துவிட்டாள்.

இரண்டாவது குப்பியிலும் குளிர் வந்தது. ஆனால் இது அதட்டாத குளிர், ஓரமாக வந்து உட்காருகிற விருந்தாளி மாதிரி. ஆறு என்று சொல்லலாம். ஜன்னலுக்கு வெளியே பாத்தி பாத்தியாகப் புதினா தெரிந்தது, ஒவ்வொரு பாத்தியின் தலைமாட்டிலும் தகரத் துண்டு. நாலு வருஷமாக அவள் மகள் இந்தப் பாத்திகளில்தான் குடியிருக்கிறாள். எந்த ஊர்ச் சந்தைக்குப் போனாலும் புதினாக் கட்டு வாங்கி வந்து, தண்டை ஒடித்து, நட்டு, வேர் பிடிக்கவைத்து, எது சீக்கிரம் படர்கிறது, எது எத்தனை உயரம், எதில் எண்ணெய் அதிகம் என்று ஸ்கேலும் தராசுமாக அலைவாள். அறுத்த தழையை அண்டாவில் போட்டு ஆவி காட்டினால் மூட்டைத் தழைக்கு ஒரு கரண்டி எண்ணெய் தேறும். "இதுக்காடி இத்தனை பாடு?" என்று கேட்டதற்கு, "கரண்டியைப் பாக்காதம்மா, அந்தக் கரண்டிக்குள்ள என்ன இருக்குதுன்னு பாக்கோணும்" என்றாள். அது மட்டுமா. இலையைக் கசக்கிச் சாறெடுத்து, அதை என்னமோ மெஷினில் ஓட்டினால் கோடு கோடாகத் தெரியுமாம், அந்தக் கோட்டைப் பார்த்தால் எது எதற்குச் சொந்தம் என்று தெரிந்துவிடும். பார்க்க இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கிற இரண்டு செடிக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, இந்த ஊரில் ஒரு பேரும் அந்த ஊரில் ஒரு பேரும் வைத்து விற்றது கடைசியில் ஒரே செடி. சோறு தின்னும்போது அதைத்தான் சொல்வாள். புதினாவை விதை போட்டு வளர்ப்பதில்லை அம்மா, தண்டு ஒடித்து வைக்கிறோம், அப்போது அது பிள்ளையில்லை, அதே அம்மாதான், இன்னொரு இடத்தில் நிற்கிறாள், அவ்வளவே. அதை முதலில் கேட்ட அன்றைக்கு ராத்திரி சம்பூரணத்துக்குத் தூக்கம் வரவில்லை. அப்படியானால் சாகிறதே இல்லையா அது? நல்லவேளை மனுஷர் அப்படி இல்லை. மைதிலி இந்த அம்மாவை ஒடித்து நட்டவளாக இருந்திருந்தால் ஏழாம் வகுப்போடு நின்றுபோய், ராத்திரியெல்லாம் சிலிண்டரைத் தடவிக்கொண்டிருப்பாள். மைதிலி தன் அப்பா மாதிரி. அவருக்கும் இப்படித்தான், எதையும் அளந்து பார்க்காவிட்டால் ஆகாது. இருந்த வரைக்கும் வீட்டு வாசல் வெயில் எத்தனை மணிக்கு எந்தக் கல்லுக்கு வரும் என்று சுண்ணாம்பில் கோடு போட்டுவைப்பார். "ரெண்டாவது?" காதருகில் குரல். "ஆறு கண்ணு. பிடிச்சுது." "நல்லாச் சொல்றீங்க பாட்டி" என்று மகள் கிசுகிசுத்தாள். பாட்டியாம். வாய்க்கொழுப்பு.

மூன்றாவதில் குளிரும் சரியாக வரவில்லை, வருவது போல வந்து வாசலோடு நின்றுவிட்டது. நாலு என்று சொன்னாள். மைதிலியின் பேனா ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. தப்பாகச் சொல்லிவிட்டேனோ? நின்றதா, இல்லை இவளுக்குத்தான் அப்படித் தோன்றியதா? ஒருவேளை எல்லோரும் இதற்கு எட்டு சொல்லியிருப்பார்களோ, இவள் சொன்ன நாலு நெல்லில் கல் மாதிரிக் கிடக்கப்போகிறதோ, அதைப் பொறுக்கியெடுக்காமல் அப்படியே அரைத்துவிட்டால்? இந்த எண்கள் எல்லாம் புத்தகமாகக் கட்டப்பட்டுப் பெரிய ஆட்கள் முன்னால் போகும், அப்புறம் லக்னோவுக்கும் போகும். லக்னோ. அந்தப் பக்கம் வயல் வயலாகப் புதினா போட்டு எண்ணெய் எடுக்கிற சீமையாம், அங்கே வேலை கிடைத்திருக்கிறது, தீபாவளி கழித்துச் சேரவேண்டும். சேரட்டும். சேர்ந்தே ஆகவேண்டும். போன தடவை பெங்களூரில் வேலை கிடைத்தபோது இவள் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள், "உன்னை இப்படி விட்டுட்டு எங்கேம்மா போறது" என்று மகள் வேலைக்கு வரச்சொல்லி வந்த தாளைக் கிழித்துப் போட்டாள், கிழித்ததைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததுதான் முள். கால் கூடிவிட்டது, அந்த வேலை இன்னொருத்திக்குப் போய்விட்டது. இப்போது மூக்குப் போய்விட்டது, கேஸ் கசிந்தால்கூடத் தெரியாது என்று சொன்னால் என்ன செய்வாள்? இதையும் கிழிப்பாள். முகத்தைச் சிரித்தமாதிரி வைத்துக்கொண்டே கிழிப்பாள். அதனால்தான் ஆடியிலிருந்து வாயைத் திறக்கவில்லை. டாக்டரிடம்கூடப் போகவில்லை, மருந்துச்சீட்டு கண்ணில் பட்டால் கேட்பாள். அவள் ரயில் ஏறட்டும். ஏறினபின் போனில் சொல்லிக்கொள்ளலாம், இல்லை சொல்லாமலே இருந்துவிடலாம், அப்புறம் சிலிண்டரைத் தடவுவதும் எழுவதும் படுப்பதும் தன் பாடு. தனியாக இருக்கிற வீட்டில் நடு ராத்திரி ஒருத்தி அடுக்களைக்குள் சுவிட்சைத் தட்டினால், ஒரு பொறி, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக் குழந்தை சுவரை ஒட்டித்தான் தூங்குகிறது. அந்தக் குழந்தையை நினைத்ததும் உட்கார முடியாமல் நெளிந்தாள். "என்னங்க அம்மா, மூட்டைப்பூச்சியா?" என்றார் ஆரோக்கியசாமி. "பேசக்கூடாது!" என்று மைதிலி அந்தக் கோடியிலிருந்து பள்ளிக்கூட டீச்சர் மாதிரி அதட்டினாள். பழனாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாலாவது குப்பியை எடுத்தாள். மூக்கருகில் கொண்டுபோனாள். இழுத்தாள். ஒன்றும் இல்லை. குளிரும் இல்லை, குளிர் வருகிற மாதிரிகூட இல்லை. இன்னும் ஆழமாக இழுத்தாள், நெஞ்சு நிறையக் காற்று போனது. அவ்வளவுதான், இதுதான் அந்த வெறும் எண்ணெய். அப்பாடா என்று இருந்தது. பூஜ்யம் என்று சொல்லிவிடலாம், தப்பித்தோம். அப்படி நினைத்துக்கொண்டே பக்கத்தில் பார்த்தவள் அப்படியே உறைந்துபோனாள். ஆரோக்கியசாமி அதே நாலாவது குப்பியை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். கல்யாண வீட்டுப் பந்தியில் பிரியாணி அண்டாவின் மூடியைத் திறக்கும்போது நிற்கிற ஆளின் முகம் அது. அந்தப் பக்கம் பழனாத்தாள் குப்பியை இறக்கிவைத்துவிட்டு, எச்சிலை விழுங்கி, மறுபடி எடுத்தாள். சம்பூரணத்துக்குப் புரிந்துவிட்டது. நாலாவது, வீட்டுப் புதினா. சந்தையில் கட்டு கட்டாக வாங்குகிறது, அவள் இத்தனை வருஷம் ஆய்ந்தது, துவையல் அரைத்தது, மைதிலி வயிற்றுவலி என்று சுருண்டபோதெல்லாம் கசக்கிச் சாறெடுத்துக் கொடுத்தது. முன்பின் தெரியாத சீமைப் புதினாவெல்லாம் குளிராகவாவது வந்து இவளைத் தொட்டுவிட்டுப் போயிற்று. தெரிந்தது ஒன்றே ஒன்று, அது வரவே இல்லை. உள்ளே இருக்கிறது, இத்தனை கிட்டத்தில் இருக்கிறது, பக்கத்து ஆளின் முகமெல்லாம் அதுதான். மறுபடி இழுத்தாள். அதன் வாசத்தை நினைவிலிருந்தாவது கொண்டுவரலாம் என்று பார்த்தாள். பச்சை, ஈரம், மண் ஒட்டின வேர், விரல் நகத்தில் கறுப்பு, எல்லாம் வந்தன, வாசம் மட்டும் வரவில்லை. அது எப்படி இருக்கும் என்பதே மறந்துவிட்டது. செத்துப்போன ஆளின் குரலைப் போல. அவர் குரல் எப்படி இருக்கும்? "நாலாவது?" என்றது காதருகே குரல். "கடைசியில சொல்றேன் கண்ணு." "கடைசியிலெல்லாம் இல்லம்மா, இப்பவே சொல்லோணும்." "சொல்றேங்கறனே, அஞ்சாவதையும் பாத்துப்போட்டு." மைதிலி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, நாலும் அஞ்சும் எல்லார்கிட்டயும் சேத்தே கேக்கறேன்" என்று நகர்ந்தாள்.

ஐந்தாவதிலும் ஒன்றும் இல்லை. அதில் உண்மையிலேயே ஒன்றும் இல்லை என்று இப்போது அவளுக்குத் தெரியும், ஆரோக்கியசாமி குப்பியைத் தலைகீழாகப் பிடித்து உள்ளே பஞ்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியானால் சொல்லவேண்டியது வாயில் தயாராக இருக்கிறது. நாலாவதுக்கு ஏழு, ரொம்பப் பிடிச்சுது, நம்ம வீட்டுப் புதினா கண்ணு இது. ஐந்தாவதுக்குப் பூஜ்யம். யாரும் கண்டுபிடிக்க முடியாது. மகளுக்குப் பெருமையாகவும் இருக்கும். ஒரு எண், அதில் என்ன குடி முழுகிப்போகிறது? ஏழு என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஏழு இவளுடையது இல்லை, டிராக்டர்காரர் முகத்திலிருந்து எடுத்தது, அதைக் கொண்டுபோய் மகள் அளந்து அளந்து சேர்த்ததற்கு நடுவில் வைப்பதா? கேஸை மூடாமல் வந்ததைவிட இது மோசம் இல்லையா? இல்லை, அது வேறு, இது வேறு. ஒரு பொய் சொன்னால் அவள் போவாள், நிஜம் சொன்னால் நின்றுவிடுவாள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, ஏழு, ஏழு. மைதிலி வந்தாள். மேசைமேல் கையை ஊன்றிக் காதருகே குனிந்தாள். குனிந்ததில் அவளுடைய உச்சந்தலை சம்பூரணத்தின் மூக்குக்கு நேராக வந்தது. பிறந்த அன்றிலிருந்து, காய்ச்சலா இல்லையா என்று தெர்மாமீட்டர் வைக்காமல் அந்தத் தலையை மோந்தே சொன்னவள். பழக்கத்தில் மூச்சு தானாக உள்ளே போனது. நீளமாக, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். முடி மூக்கில் குறுகுறுத்தது. காற்று, சும்மா காற்று. "என்னம்மா அப்படி இழுக்கறே?" மைதிலி சத்தமில்லாமல் சிரித்தாள். "நாறுதா? தலைக்குத் தண்ணி ஊத்தி நாலு நாளாச்சு, வெயில்லயே நின்னேன். ரொம்ப நாறுதாம்மா?"

வாயில் தயாராக இருந்த ஏழு எங்கேயோ போய்விட்டது. "தெரியல கண்ணு" என்றாள் சம்பூரணம்.

"என்ன தெரியல?"

"உன்ற தலை வாசம் எனக்குத் தெரியல. நாலாவதும் தெரியல, அஞ்சாவதும் தெரியல. முதல்ல சொன்னதும் வாசத்தை வெச்சுச் சொல்லல சாமி, குளுந்துச்சு, அதை வெச்சுச் சொன்னேன். நான் சொன்னதெல்லாம் அடிச்சுப்போடு. ஆடிக் காய்ச்சல்லருந்து எனக்கு ஒண்ணும் வர்றதில்ல."

மைதிலி நிமிரவில்லை. அப்படியே குனிந்தபடி இருந்தாள், பேனா பிடித்த கை மட்டும் மேசையில் இறங்கியது. வந்துவிட்டது, இப்போது சொல்லப்போகிறாள், அந்தச் சிரித்த முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, நான் எங்கேம்மா போகிறேன் என்று சொல்லப்போகிறாள். அவள் சொல்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சம்பூரணம் படபடவென்று ஆரம்பித்தாள். "நான் அடுப்பைச் சரியாத்தான் மூடறேன், தினமும் ரெண்டு தடவை பாக்கறேன், பக்கத்து வீட்லயும் ஒரு சாவி குடுத்து வெச்சிடறேன், நீ போகாம இருந்துடாத கண்ணு, போன தடவை மாதிரிப் பண்ணிடாத—"

"அப்பொ அந்தத் தேங்காய்ச் சட்னி?" என்றாள் மைதிலி.

"எந்தச் சட்னி?"

"போன வாரம். ஊசிப்போயிருந்துச்சு. அதுக்கு முன்னாடி மோர். அந்தக் காராமணிக் குழம்பு. எல்லாத்தையும் தின்னேன்."

"தின்னியா? எதுக்குடி தின்னே? ஊசிப்போச்சுன்னு சொல்றதுக்கென்ன!"

"நான் போறேன்னு உனக்கு மனசு சரியில்ல, அதுல கவனம் தப்பிப்போச்சுன்னு நெனச்சேன்." மைதிலியின் குரல் ஒரு மாதிரி உடைந்து வந்தது. "சொன்னா நீ அழுவேன்னு மூச்சுக் காட்டாம தின்னுட்டு, இங்க வந்து மாத்திரை போட்டுக்கிட்டேன். கிறுக்கியாம்மா நீ? ரெண்டு மாசமா? சிலிண்டரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு?"

ஊசின சட்னி. இந்தப் பிள்ளை அதைத் தட்டில் வழித்துத் தின்றதைத் தான் எதிரில் உட்கார்ந்து பார்த்ததும், ருசி பிடித்துத்தான் தின்கிறாள் என்று இன்னொரு கரண்டி ஊற்றினதும் நினைவுக்கு வந்தது. சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் கண்ணில் தண்ணீராகவும் வந்தது, எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "என்ன மேடம், அம்மா பெயிலா?" என்று ஆரோக்கியசாமி எட்டிப் பார்த்தார். "பெயிலுங்க" என்றாள் மைதிலி. முகத்தைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டு, தாளில் அம்மாவின் வரிசை முழுவதையும் ஒரே கோடாக அடித்தாள். பிறகு பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். தாளின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். யோசிக்கிறாள், யோசிக்கிறாள் என்றால் கிழிக்கிறாள் என்று அர்த்தம்.

"நாளைக்கு மூக்கு டாக்டர்" என்றாள் மைதிலி கடைசியில். "திரும்ப வரும்னும் சொல்றாங்க, வராதுன்னும் சொல்றாங்க, போய்ப் பாக்கலாம். இன்னிக்கே கரண்டு அடுப்பு வாங்கறோம். சிலிண்டரைத் திருப்பிக் குடுத்தர்றோம்."

"கரண்டு அடுப்புல பணியாரம் வருமா?"

"வரலைன்னா திங்காத."

"சரி." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அப்புறம்?"

"அப்புறம் என்ன? அதெல்லாம் பண்ணிவெச்சுட்டுத்தான் போவேன்."

போவேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இரண்டு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தாள், அது வந்துவிட்டது, தெளிவாக, மகள் வாயாலேயே வந்துவிட்டது. சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். வீட்டில் ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்க்கிற சத்தம்தான் முதலில் கேட்டது. இருக்கட்டும், அது தன் காதோடு இருக்கட்டும். "போய்ட்டு வா சாமி" என்று சொன்னாள், சொல்லும்போது குரல் நடுங்கவில்லை, அதுவே பெரிய விஷயம். மைதிலி எழுந்தாள். ஆனால் நகரவில்லை. அட்டையில் செருகின தாளை அம்மாவின் மடியில் போட்டு, "பிடிச்சுக்கோ, அசையாம பிடி" என்றாள். அந்தப் பக்கம் திரும்பி, "ஆரோக்கியண்ணா, நாலாவது?" என்று கேட்டாள், காதோடு கேட்பதையெல்லாம் மறந்துபோய். "நாலாவது எட்டுங்க மேடம், சோறு இருந்தா இப்பவே கொண்டாங்க. அஞ்சாவது தண்ணி, ஒண்ணுமே இல்ல." "எனக்கும் அதேதானுங்க" என்றாள் சம்பூரணம், பழனாத்தாள் களுக்கென்று சிரித்தாள். சம்பூரணம் அட்டையின் அடியில் உள்ளங்கையை விரித்துத் தாங்கிக்கொண்டாள். மகள் குனிந்து எழுதினாள், முடி மறுபடி முகத்தில் விழுந்தது. பேனா அழுந்துவது அட்டையைத் தாண்டிக் கைக்குத் தெரிந்தது, எட்டு, பிறகு பூஜ்யம், ஒவ்வொரு சுழியும். சம்பூரணம் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டாள்.